சர்புன்னிசாவின் பெயிண்ட் வாளி

ஞானதாஸ் சாருக்கு எதையும் டிசம்பரில் பார்த்துக்கொள்வதுதான் வழக்கம். பெயர்ந்த காரை, பல்லிக் கறை, பேரப்பிள்ளைகளின் கிறுக்கல் எல்லாவற்றையும் கிறிஸ்துமஸ் வெள்ளையடிப்பு மூடிவிடும். பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு பேகம்பூர்ப் பக்கம். ஞாயிறு பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பவர் அவர்தான். குரல் கணீரென்று இருக்கும். சோம்பேறித்தனத்துக்கும் குறைவில்லை.

நாலு வருடங்களுக்கு முன்பு குளியலறைக் குழாய் சுவருக்குள் திரும்பும் இடத்தில் கசிய ஆரம்பித்தது. "அரை மணி நேர வேலைங்க, பிளம்பர் முத்துச்சாமியக் கூப்பிடுங்க" என்றார் மனைவி டெய்சி. இவர் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றினார்.

"டிசம்பர்ல பாத்துக்கலாம்."

ஹால் வரை நீளும் அந்தச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அந்தப் பக்கம் சர்புன்னிசா. புருஷன் போனபிறகு ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவர். டிசம்பருக்குள் ஞானதாஸ் வீட்டு ஹால் சுவரில் முறம் அளவுக்கு ஓதம் ஏறிவிட்டது. அதைப் பார்த்துப் பதறியவர் சர்புன்னிசாதான்.

"எங்க சமையக்கட்டுத் தண்ணிதான் இங்கிட்டு வந்துருச்சு போலண்ணே. தப்பா நெனச்சுக்காதீங்க."

கசிவது தன் குழாய்தான் என்று ஞானதாஸுக்கு வாய் வரை வந்தது. ஆனால் கோயிலின் தெரு ஜெபக் குழுவான அன்பியத்தின் கூட்டத்துக்கு வந்த நாலைந்து பேர் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். "பரவாயில்லம்மா, வீடுன்னா அம்புட்டும் இருக்கும்" என்று பெரிய மனுஷனாக மன்னித்துவிட்டார்.

மறுநாளே ஒரு வாளி பெயிண்டோடு சர்புன்னிசா வந்தார். "எங்க வீட்டால வந்தது, நாந்தான் தரணும்." ஞானதாஸ் வாங்கி வைத்துக்கொண்டார். டெய்சி அந்த வாளியைக் கையாலும் தொடவில்லை. அடுத்த டிசம்பரிலும் வாளி வந்தது, அதற்கடுத்த டிசம்பரிலும். நடுவில் சர்புன்னிசா தன் சமையலறைத் தரையை உடைத்துக் குழாயையே மாற்றினார். அப்படியும் ஓதம் நிற்காததால், தன் வீட்டில்தான் இன்னும் எங்கோ கசிகிறது என்று நினைத்துக்கொண்டார். சுத்தியல் சத்தம் கேட்டபோதெல்லாம் ஞானதாஸ் டிவி சத்தத்தைக் கூட்டினார். இப்போது சொன்னால், போன வருஷமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. வருடம் ஏற ஏற வாயைத் திறப்பது கஷ்டமாகிக்கொண்டே போனது.

இந்த வருடம் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட், சர்புன்னிசா வீட்டில் அதே சுவரில் இருந்த அலமாரியில் வைத்தபடியே பூஞ்சை பிடித்துவிட்டது. பெண் வீட்டார் வாசலில் நின்று கத்தினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. ஜன்னலுக்குப் பின்னால் நின்ற ஞானதாஸுக்கு வெட்கத்தில் காது சுட்டது. பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவர், அங்கே தன் பாவத்தையெல்லாம் கொட்டினார். சாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இத அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல சாமி."

"மொதல்ல அங்க போங்க."

கோயிலிலிருந்து வரும்போதே முத்துச்சாமியைக் கூட்டிவந்தார். டியூபை அறுத்து எறிந்து புதுக் குழாய் மாட்ட அவருக்கு இருபது நிமிடம்தான் ஆனது. டெய்சி கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு ஞானதாஸ் அடுத்த வீட்டுக்குப் போனார். இந்த வருட வாளி வாசற்படியிலேயே தயாராக இருந்தது.

"நானே கொண்டாரலாம்னு இருந்தேன்ணே. உள்ள வாங்க."

நாலு வருடத்தில் முதல்முறையாக அந்தச் சுவரை இந்தப் பக்கமிருந்து பார்த்தார். இடுப்பு உயரத்துக்குக் கறுத்து, காரை உதிர்ந்து கிடந்தது. ஒரு தடவைகூடப் பெயிண்ட் அடித்த தடம் இல்லை.

"கசிஞ்சது எங்க வீட்டுக் குழாய்மா. மொத நாள்லருந்தே எனக்குத் தெரியும்."

வாசகம் வாசிக்கிற குரல் எங்கே போனதோ, அவர் சொன்னது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சர்புன்னிசா சுவரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். வாசற்படிக்குப் போய் வாளியைத் தூக்கிவந்து, சுவரோரம் வைத்தார்.

"அப்ப இது எஞ்சுவத்துக்கு இருக்கட்டும்ணே."