ஐந்தாவது கேபிள்

எங்கள் அப்பாவின் டாக்ஸியில் கிளட்ச் கேபிள் நான்கு முறை அறுந்தது. ஐந்தாவது கேபிள் அறுந்துபோகவில்லை. அது ஏன் என்பதற்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கதை உண்டு. சித்தப்பா இருந்தவரை தன் கைராசி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். என் தம்பிகள், சித்தப்பாவுக்குத் தொழில் கற்றுக் கொடுத்த மெக்கானிக் மேஸ்திரியின் மூளை என்பார்கள். அவர்கள் அப்போது பிறக்கவே இல்லை. நான் இருந்தேன், ஒன்பது வயதுக்காரியாக. கண்டுபிடித்தது நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள், அதனால் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வேன்.

மைசூரில் சாமுண்டி மலை அடிவாரத்துப் பக்கம், சரிவான ஒரு தெருவில் குடியிருந்தோம். கார் வாசலில் நிற்கும். உருண்டுவிடாமல் இருக்க முன் சக்கரத்துக்குக் கீழே ஒரு கருங்கல் வைப்போம். காலையில் அப்பா வண்டியைக் கிளப்பியதும் அந்தக் கல்லை இழுத்து எடுப்பது என் வேலை. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்று ஒரு சட்டமே வைத்திருந்தேன்.

அப்பாவுக்குப் பெரிய சவாரி மாதேஸ்வரன் மலை. அமாவாசைக்கு அமாவாசை ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். மலை ஏறும்போதுதான் வண்டியின் மானம் போகும். எஞ்சின் கத்தும், சக்கரம் நகராது. கிளட்ச் வழுக்குகிறது என்பார்கள் அதை. சவாரிக்காரர்கள் இறங்கி, பாதி வளைவுகளை நடந்தே ஏறுவார்களாம். சாமிக்கு வேண்டிக்கொண்டு நடக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்களாம்.

சித்தப்பா அப்போது, அந்த மலைக்குப் போகும் வழியில் இருக்கிற எங்கள் ஊர் கௌதள்ளியிலிருந்து வந்து, தேவராஜ மொஹல்லாவில் ஒரு மேஸ்திரியின் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். "அண்ணா, லாரிக்குப் போடுற மாதிரி கெட்டி ஸ்பிரிங் வெச்ச கிளட்ச் போட்டுட்டா வண்டி ஆடு மாதிரி மலையேறும்" என்று ஓதி ஓதி அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வேலை நடந்தது. கியர்பாக்ஸை இறக்கி, புதுக் கிளட்ச் போட்டு, இறக்கியதுதான் இறக்கினோம், பூஜைக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று அடியில் இருந்த இரும்பையெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி வெள்ளி பெயின்ட் அடித்தார். தசராவுக்கு மைசூரில் சைக்கிளைக்கூட மாப்பிள்ளை போல அலங்கரிப்பார்கள். ஆனால் யாரும் குனிந்து பார்க்காத இடத்துக்குப் பெயின்ட் அடித்தவர் எங்கள் சித்தப்பா ஒருவர்தான். குனிந்து பார்க்கச் சொல்லித் தெருவையே கூப்பிட்டார்.

வண்டி அந்த அமாவாசைக்கு ஒருவரையும் இறக்காமல் மலை ஏறியது. அப்பா சித்தப்பாவுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். பத்து நாள் கழித்து, ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து திரும்பும் வழியில், கிளட்ச் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஓடும் கம்பிக் கேபிள் அறுந்தது. புதிதாக ஒன்று போட்டார்கள். அதுவும் அறுந்தது. மேஸ்திரியே வந்து பார்த்து, ஸ்பிரிங் கெட்டி, கேபிள் தாங்கவில்லை என்று தடித்த கேபிளாகப் போட்டார். தடித்த கேபிள் தடியாக அறுந்தது. கேபிள் அதிகமாக வளைந்து போகிறது என்று அது போகும் வழியை மாற்றி, எண்ணெய் விட்டு, நான்காவதைப் போட்டார்கள்.

அந்தச் சமயத்தில் எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரும் சரியாக இழுக்கவில்லை. பேட்டரியை சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு, மேஸ்திரி கொடுத்த ஒரு கிழட்டுப் பேட்டரியை வைத்துக்கொண்டார்கள். விளக்கு எரியும், செல்ஃப் சுற்றாது. தினம் காலையில் கல்லை எடுத்துவிட்டு, அம்மாவும் நானும் எதிர்வீட்டு மாமாவும் பின்னால் நின்று தள்ளுவோம். சரிவில் உருண்டு, இருமிக்கொண்டு கிளம்பும். இப்படி ஒன்பது நாள். கேபிள் கம்மென்று இருந்தது. சித்தப்பா மீசையைத் தடவ ஆரம்பித்தார். பிறகு பேட்டரி திரும்பி வந்தது. மூன்றாம் நாள் நான்காவது கேபிளும் போனது.

அன்றைக்கு அப்பா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வர்ற அமாவாசைக்கு மலைக்கு அஞ்சு பேர் வர்றாங்க. வளைவுல இது அறுந்தா என்னாகும்னு உனக்கே தெரியும். இன்னொரு கேபிள் போடு. அதுவும் போச்சுன்னா பழைய கிளட்ச்சையே மாட்டிட்டு நீ கௌதள்ளிக்குப் போயிரு. எருமைக்குக் கிளட்ச் இல்ல, நீ நிம்மதியா மேய்க்கலாம்."

சித்தப்பா காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அழுதாரா என்று தெரியவில்லை. கால் இரண்டும் அசையாமல் இருந்தன. சித்தப்பா ஊருக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் நான் கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்ல ஆளில்லை. கார்புரேட்டர் என்றால் காரின் மூக்கு, ரேடியேட்டர் என்றால் அதன் வயிறு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். தப்பும் தவறுமாகத்தான், ஆனாலும் சொன்னார்.

எனக்கு ஒரு வாசனை ஞாபகத்தில் இருந்தது. காலையில் அப்பா செல்ஃப் போடும்போது கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பவள் நான் ஒருத்திதான். பானெட்டுக்கு உள்ளேயிருந்து, அணைத்த விளக்குத் திரி போல ஒரு கருகல் வாசனை வரும். கார் என்றால் அப்படித்தான் மணக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் தள்ளிக் கிளப்பிய அந்த ஒன்பது நாளும் அது வரவில்லை. கேபிளும் அறுந்துபோகவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். போய்க் கையைக் கழுவிக்கொண்டு வா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது கேபிளைப் போட மேஸ்திரி வந்தார். ஒல்லியான ஆள், வெற்றிலை வாய், பேச்சில் பாதி கன்னடம். மாட்டி முடித்து, பானெட்டைத் திறந்தே வைத்துவிட்டு அப்பாவைச் செல்ஃப் போடச் சொன்னார். செல்ஃப் ஙொய் ஙொய் என்று சோம்பலாகச் சுற்றி, எஞ்சின் பிடித்தது. வாசனை வந்தது.

"செல்ஃப் போட்டாத்தான் கேபிள் அறுந்துபோகுது. தள்ளுனா அறுந்துபோறதில்ல" என்றேன்.

சித்தப்பாவுக்கு இருந்த வேதனையில் எரிச்சல் வந்துவிட்டது. "ஆமா அம்மிணி, கேபிளுக்குச் செல்ஃப் சத்தம் கேட்டா பயம். செல்ஃப் ஒரு பக்கம், கிளட்ச் ஒரு பக்கம். ரெண்டுக்கும் சம்பந்தி உறவா?"

"கருகுது சித்தப்பா. வேணும்னா தொட்டுப் பாருங்க."

"இந்தா, தொட்டாச்சு. போதுமா?" என்று கேபிளை ஒரு பிடி பிடித்தார். மறு நொடி கையை உதறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். எதிர்வீட்டு மாமா பாம்பு என்று நினைத்துத் தடியோடு வந்துவிட்டார்.

மேஸ்திரி ஓடவில்லை. எச்சில் தொட்ட விரலைக் கேபிள் மேல் வைத்தார். சுர்ரென்றது. என்னைப் பார்த்தார். "ஹௌதா?" என்றார். அப்படியா என்று கேட்டது என்னிடமா, கேபிளிடமா, தெரியாது. பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "எர்த் பட்டை எல்லிடா?" என்றார்.

எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் சேர்க்கிற ஒரு செம்புப் பட்டை அது. எங்கே என்று கேட்டதற்குச் சித்தப்பா கையை ஊதிக்கொண்டே காட்டினார். போல்ட் போட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. மேஸ்திரி நகத்தால் சுரண்டினார். நகமெல்லாம் வெள்ளி. பட்டையைக் கழற்றினால் அதற்கு அடியிலும் வெள்ளி பெயின்ட், தோசைக்கல்லில் மாவு ஊற்றியது போல வழவழவென்று.

மேஸ்திரி சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். செல்ஃப் சுற்ற எஞ்சினுக்குள் போகிற கரண்டு திரும்பி வருவதற்கு அந்தப் பட்டைதான் வழி. பெயின்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. எஞ்சினையும் உடம்பையும் தொட்டுக்கொண்டு இருந்த இன்னொரு இரும்பு கிளட்ச் கேபிள்தான். அத்தனை கரண்டும் அதன் வழியாக ஓடி, தினம் தினம் அதைச் சுட்டிருக்கிறது. சுட்டு இளைத்த கேபிளைக் கெட்டி ஸ்பிரிங் இழுத்து அறுத்திருக்கிறது. பழி முழுக்க ஸ்பிரிங்குக்கு.

"காருக்குப் பொட்டு வைக்கலாம். கண்ணுக்குள்ளயே குங்குமம் அப்புறதா?" என்றார் மேஸ்திரி. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

கத்தியால் பெயின்டைச் சுரண்டி, இரும்பு மின்னும்வரை தேய்த்து, பட்டையை மறுபடி முடுக்கினார்கள். அப்பா செல்ஃப் போட்டார். ஒரே சுற்று. அதுவரை சோம்பேறியாக இருந்த வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. நான் கேட்காமலே போய்க் கேபிளைத் தொட்டேன். குளத்துத் தண்ணீர் போலக் குளிர்ச்சியாக இருந்தது. வாசனையே இல்லை. தெருவில் அத்தனை பேர் முன்னாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா அதைப் பார்த்தும் கையை எடு என்று சொல்லவில்லை.

அமாவாசைக்கு மலைக்குப் போனபோது சவாரிக்காரர் ஐந்து பேரோடு என்னையும் முன் சீட்டில் நெருக்கி உட்கார வைத்தார் அப்பா. பின் சீட்டிலிருந்து ஓர் அம்மாள், எதற்குக் குழந்தையைக் கூட்டி வருகிறீர்கள் என்று கேட்டாள். "இது இருந்தாத்தான் வண்டி ஏறும்" என்றார் அப்பா. ஒவ்வொரு வளைவிலும் அவர் மிதியை அழுத்தும்போது நானும் என் காலை அழுத்திக்கொண்டேன். வளைவுகள் எல்லாம் கீழே போயின. ஒருவரும் இறங்கவில்லை. திரும்பும் வழியில் கௌதள்ளியைத் தாண்டும்போது சித்தப்பாவுக்குப் பதிலாக எருமைகளைப் பார்த்து நான் கையை ஆட்டினேன்.

மறுநாள் பிரசாத லட்டோடு பட்டறைக்குப் போனோம். லட்டு அப்புறம் என்றுவிட்டார் மேஸ்திரி. பானெட்டைத் திறந்து கேபிளைத் தடவிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "இந்தப் பொண்ண எங்கிட்ட விடுங்க. மூணு வருஷத்துல தொழில் பிடிச்சுக்குவா" என்றார்.

அப்பா சிரித்தார். "பொட்டப்புள்ளையப் பட்டறைக்கா?" சித்தப்பா இன்னும் பலமாகச் சிரித்தார். பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாய் நிறைய லட்டை வைத்துக்கொண்டு சிரித்தேன். மேஸ்திரி மட்டும் கையைத் துணியில் துடைத்தபடி அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேறொரு வண்டிக்குள் குனிந்துகொண்டார். பாவம், அவருக்குப் பல்வலி போலிருக்கிறது என்று நினைத்து, அவருக்கென்று எடுத்து வைத்திருந்த லட்டையும் நானே தின்றுவிட்டேன்.