தக்காளி வரும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது

எங்கள் சேவைக் குழுவின் தலைவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுக் குழுவை விட்டு விலகியிருப்பேன். ரிட்டயரான பிறகும் வீட்டில் சும்மா உட்காராமல், சொந்தக் காசைப் போட்டு ஊர் ஊராக அலைகிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

போன வருடம் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை படுத்துவிட்டது. விவசாயிகள் கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். தலைவருக்கு மனசு கேட்கவில்லை. கொட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கி, பாப்பாரப்பட்டி போகும் வழியில் இருக்கும் ஒரு காலனிக்குக் கொடுக்கலாம் என்றார். அந்தக் காலனிக்காரர்களே தக்காளி பறிக்கக் கூலிக்குப் போகிறவர்கள்தான் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"ரொம்ப நல்லதாப் போச்சுங்க மேடம். அவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்" என்றார்.

முதல் நாளே ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு ஒருவர் சமுதாயக் கூடத்தின் முன்னால் இருக்க வேண்டும், இல்லாதவர்களுக்குக் கிடையாது. நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் எல்லோரும் கையில் பையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வராதது எங்கள் குழுதான். பேனரில் சிறப்பு விருந்தினர் படம் விட்டுப்போய், மறுபடி அடிக்கக் கொடுத்திருக்கிறார்களாம்.

வரிசையின் கடைசியில் இருந்த அக்கா மட்டும் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு காலிக் குடம். என்னவென்று கேட்டேன்.

"இந்த மேட்டுக்குப் பைப்புல தண்ணி ஏறாதுங்க. அந்தத் தோட்டத்துக்காரரு மோட்டரு ஓடறப்ப புடிச்சிக்கச் சொல்லுவாரு. கரண்டு நின்னுட்டா அப்புறம் நாளைக்குத்தான். மவளுக்குக் கொழந்த பொறந்து ஒரு வாரந்தான் ஆவுது. வூட்ல ஒரு சொட்டு இல்ல. பீத்துணியெல்லாம் அப்படியே கெடக்குது."

மோட்டார் ஓடும் சத்தம் எனக்கும் கேட்டது.

"அப்ப போய்ப் புடிச்சிட்டு வாங்கக்கா. தக்காளி அவ்வளவு அவசரமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தக்காளிக்கா உக்காந்திருக்கோம்? அதப் பறிக்கறதே நாங்கதாங்க."

தலைவருக்குப் போன் போட்டேன். "அஞ்சே நிமிஷம் மேடம். யாரையும் அனுப்பிடாதீங்க. கெஸ்ட்டு வர்றப்ப கூட்டம் இல்லைன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். அவருடைய அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு, "உங்க பங்கை நான் எடுத்து வெக்கறேன், ஓடுங்க" என்று அக்காவைக் கிளப்பினேன். குடத்தை இடுப்பில் வைத்து நாலடி எடுத்து வைத்திருப்பார். டெம்போ வந்து நின்றது. பின்னால் வந்த காரிலிருந்து முழுசாக இறங்கக்கூட இல்லை, தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"அம்மா, யாரும் எழுந்து போகாதீங்க! உக்காருங்க, உக்காருங்க!"

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பேனர் கட்டினார்கள். கோணலாக இருக்கிறதென்று அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். விருந்தினருக்குச் சால்வை போட்டார்கள். அவர் தக்காளியில் என்னென்ன சத்து இருக்கிறது என்று தக்காளி பறிப்பவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவரின் காதருகே போய் விஷயத்தைச் சொன்னேன். பேச்சை முடிக்கட்டும் என்று கையமர்த்தினார்.

பேச்சு முடியவில்லை. மோட்டார்தான் நின்றது. பெண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வயல் பக்கம் திரும்பினார்கள். விருந்தினரும் குழம்பிப்போய்த் திரும்பிப் பார்த்தார்.

தக்காளி கொடுத்து முடிந்ததும் நான் தலைவரைப் பிடித்துக்கொண்டேன். டெம்போ காலியாகத்தானே நிற்கிறது, ஊருக்குள் போய் டேங்க்கில் இரண்டு டிரம் தண்ணீர் பிடித்து வரச் சொல்லுங்கள் என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். விருந்தினர் பக்கத்தில் நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை. தலைவர் உண்மையாகவே பதறிப்போனார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்! டெம்போ வேற வாடகைக்குப் போகணுமே" என்றவர், சட்டென்று முகம் மலர்ந்து காருக்கு ஓடினார். விருந்தினருக்காக வாங்கி வைத்திருந்த தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தூக்கி வந்து அந்த அக்காவின் கையில் கொடுத்தார். யாரோ ஒருவர் படம் எடுத்தார்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து குடத்தில் ஊற்றினார். எல்லாவற்றையும் ஊற்றிய பிறகும் குடம் பாதிகூட நிறையவில்லை. தலைவர் அதற்குள் மைக்கில், மக்களின் ஆர்வத்தைப் பார்த்து அடுத்த ஞாயிறும் இதே நேரத்துக்கு வருவதாக அறிவித்தார். பெண்கள் கைதட்டினார்கள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த அக்காவும் தட்டினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"நீங்க ஏங்க்கா கை தட்டறீங்க? அடுத்த வாரமும் இங்க வந்து உக்காரப் போறீங்களா?"

"வராம எப்படிங்க?" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில். "என்னைக்காச்சும் ஒரு நாளு இந்த மேட்டுக்குத் தண்ணி ஏறற மாதிரி ஒரு பைப்பு கேக்கணுமில்ல? தக்காளிக்கே வரலைன்னா, அன்னைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு உங்க தலைவருகிட்ட கேக்கறது?"