அடுப்பணைத்த ஞாயிறு

வீடுகளில் கரண்டும் சூடும் எங்கே வீணாகின்றன என்று அளந்து சொல்வதற்கு ஒரு படிப்பு இருக்கிறது. முடித்தால் சான்றிதழ் தருவார்கள். ஹட்டனில் ஒரு கடையில் போட்டோ கொப்பி அடித்துக்கொண்டிருந்த நான் அதில் சேரப்போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். "கரண்ட் பில்லப் பாத்தாலே தெரியுதே, அதுக்கு ஒரு படிப்பா?" என்று அண்ணன் கேட்டான். எனக்குக் கோபம் சட்டென்று வரும். "பில்லு எவ்வளவுன்னு ஒனக்குத் தெரியும், ஏன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஏன் என்று அப்போது எனக்கும் தெரியாது.

வகுப்பு பெரும்பாலும் சிங்களத்தில் நடந்தது. நடத்திய சேர் கொழும்புப் பக்கத்து எஞ்சினியர். வீடு என்பது ஒரு பெட்டி என்று முதல் நாளே சொன்னார். பெட்டியில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க ஒரு கருவி வைத்திருந்தார். வாசற்கதவைத் திறந்து, நிலையைச் சிவப்புத் துணியால் இறுக்கி அடைத்து, நடுவில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்துவார். விசிறி உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். அப்போது சந்துபொந்தெல்லாம் வெளிக்காற்று உள்ளே நுழையும். உள்ளே அழுத்தம் இறங்கினால்தான் மீட்டர் அசைந்து, எவ்வளவு நுழைகிறது என்று எண் விழும். விசிறியைப் போடுமுன் அடுப்பை அணைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் புகையையும் சாம்பலையும் அது வீட்டுக்குள் வாரி இறைத்துவிடும்.

கடைசிச் சோதனைக்கு ஒவ்வொருவரும் தெரிந்த வீடு ஒன்றைக் காட்ட வேண்டும். அவற்றில் மிக மோசமாகக் காற்று ஒழுகும் வீட்டுக்கு, பயிற்சிக்கு உதவிய நிறுவனமே சீலிங் அடித்துக் கொடுக்கும் என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் இருக்கும் என் தங்கச்சியின் அறையைச் சொன்னேன்.

அவளுக்குப் பிள்ளை நிறை குறைவாகப் பிறந்திருந்தான். இரவானால் மூச்சு இழுக்கும். "குளிரும் புகையும் படாம வச்சிக்கங்க" என்று மிட்வைஃப் மிஸ்ஸி வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். எப்படி வைப்பது? பழைய லயத்தில் அறைகளைப் பிரிக்கும் சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் ஏறி நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரை வரிசை முழுவதும் ஒரே வெளி. முதல் அறையில் தாளித்தால் கடைசி அறையில் தும்முவார்கள். அப்படி ஒரு லயத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஆனாலும் பெட்டி என்று சேர் சொன்னபோது என் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

தங்கச்சி புருஷனுக்குக் கொழும்பில் கடை வேலை. பக்கத்து அறையில் அவனுடைய சின்னம்மா இருந்தார். எங்களுக்கு அத்தை முறை. லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் மரக்கறி போடும் துண்டு நிலத்தில் வேலியை யார் நகர்த்தியது என்று தொடங்கி, பிள்ளை பிறப்பதற்கு முன்பே அவருக்கும் தங்கச்சிக்கும் பேச்சு நின்றுவிட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை. எல்லாம் சாடைப் பேச்சு. அத்தை தன் கோழியைப் பார்த்து, "ஒனக்கு அடுத்தவன் தோட்டந்தான் கேக்குதா?" என்பார். இந்தப் பக்கம் தங்கச்சி சோற்றுப்பானையைப் பார்த்து, "ரொம்பக் கொதிக்காத, அடங்கிக் கெட" என்பாள். இரண்டும் சுவரைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரும். முகம் பார்த்து ஒரு சொல் கிடையாது.

சேர் வந்த அன்று தங்கச்சி அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளையோடு ஒரு மூலையில் உட்கார்ந்தாள். விசிறி சுற்றியது. மீட்டர் அசையவே இல்லை. ஆனால் பக்கத்து அறையின் விறகுப் புகை சுவருக்கு மேலாகக் குபுகுபுவென்று இறங்கியது, கூடவே கருவாட்டு வாடை. பிள்ளைக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தங்கச்சி அவனை அள்ளிக்கொண்டு பின்கதவால் வெளியே ஓடினாள். நான் சுவிட்சை அணைத்தேன்.

சேர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "இது ஒரு வீடு இல்லையே" என்று சிங்களத்தில் சொன்னார். இளக்காரமாகச் சொல்லவில்லை, எஞ்சினியராகச் சொன்னார். எண் விழாத வீட்டை அறிக்கையில் எழுத முடியாது, எழுதாத வீட்டுக்குச் சீலிங் இல்லை. என் சோதனைக்கு டவுனில் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு இன்னொரு வீடு கிடைக்கும், அந்தப் பிள்ளைக்கு எங்கே கிடைக்கும்?

"ரூம் வீடு இல்லன்னா லயந்தான் வீடு. முழு லயத்தையும் அளங்க, சேர்" என்றேன். கோபத்தில்தான் எனக்குச் சிங்களம் தடங்கலில்லாமல் வரும். அவர் வெளியே போய் வரிசையில் இருந்த கதவுகளை எண்ணினார். செய்யலாம், ஆனால் எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் அடுப்பு அணைந்து, கதவு ஜன்னல் மூடியிருக்க வேண்டும். ஓர் அடுப்பு எரிந்தாலும் விசிறியைப் போட விடமாட்டேன் என்றார்.

எல்லாரும் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான். லயத்தில் இறைச்சி வேகும் நாளும் அதுதான். நான் வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். "ஒங்களுக்கு வேற நாளே கெடைக்கலயா?" என்று அலுத்துக்கொண்டவர்கள், பிள்ளைக்காக என்றதும் சரி என்றார்கள். அத்தை மட்டும் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கோழிக்குக் குருணை போட்டபடி, "ஊரு ஒலகத்துல என் அடுப்புதான் எல்லாருக்கும் கண்ணுல குத்துதாம்" என்றார். சொன்னது கோழியிடம்தான்.

ஞாயிறு வந்தது. வரிசையாகக் கதவுகள் மூடின. கூரைக்கடியில் புகை மெலிந்துகொண்டே வந்தது. அத்தையின் பக்கம் மட்டும் தடித்து ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரம் பார்க்கலாம், பிறகு கிளம்பிவிடுவேன் என்றார் சேர். "அளந்தாச்சா? எங்க கறி பாதி வேக்காட்டுல கெடக்குது!" என்று கடைசி அறையிலிருந்து ஒரு குரல் சுவர்களுக்கு மேலாக வந்தது. யாரோ சிரித்தார்கள். தங்கச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சாடையாக எதையாவது சொல்லித் தொலைப்பாளோ என்று பயந்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைதான் இருமத் தொடங்கினான், விடாமல் இருமினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் செம்பு எடுக்கும் சத்தம் கேட்டது. அடுத்து, நெருப்பில் தண்ணீர் விழுந்து சுர்ரென்றது. பிறகு கதவு சாத்தப்பட்டது.

புகை ஓயும்வரை காத்திருந்து, தங்கச்சியையும் பிள்ளையையும் வெளியே அனுப்பிவிட்டு விசிறியைப் போட்டேன். மீட்டர் அசைந்தது. அழுத்தம் வேண்டிய அளவில் பாதிகூட இறங்கவில்லை, ஆனால் எண் விழுந்தது. இவ்வளவு மோசமான எண்ணைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சேர் சொன்னபோது எனக்கு அத்தனை சந்தோஷம். வீடு என்பது முழு லயம் என்றும், சீலிங்கும் முழு லயத்துக்கும் என்றும் அறிக்கையில் எழுதினேன். அவர் படித்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் பாஸ்.

கருவிகளைக் கட்டி வைத்து, தங்கச்சியையும் பிள்ளையையும் உள்ளே விட்டுவிட்டு அத்தையின் வாசலுக்குப் போனேன். அவர் குந்தி உட்கார்ந்து ஈரச் சாம்பலை வழித்துக்கொண்டிருந்தார்.

"கறி கெட்டுப்போச்சா அத்தை?" என்றேன்.

"கறி கெடக்கட்டும். இனி என்னா செய்யப்போறாங்க?"

"சீலிங் அடிப்பாங்க. செவுத்துக்கு மேலயும் பலக வச்சு அடைச்சிருவாங்க. அங்கிட்டுப் பொக இங்கிட்டு வராது."

"சத்தம்?"

"சத்தமும் அவ்வளவா வராது."

அவர் கை நின்றது. "ராத்திரியில அவன் மூச்சு இழுக்குறது எனக்குத்தான் மொதல்ல கேக்கும். அவ பாவம், மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய் வந்தவளாட்டம் அசந்து தூங்குவா. நான் செம்பத் தட்டுவேன், கோழிய ஏசுவேன். அப்பதான் முழிப்பா."

நடுராத்திரியில் அந்தப் பொம்பளை வேண்டுமென்றே சத்தம் போடுகிறாள் என்று தங்கச்சி என்னிடம் எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறாள். நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன். அத்தைக்குப் பக்கத்தில் நானும் குந்தினேன்.

"அடைச்சிட்டா எனக்கு எப்பிடிக் கேக்கும்?" என்றார். மறுபடி சாம்பலை வழித்தார். "ஏதாச்சும் ஒண்ணுன்னா என் கதவத் தட்டச் சொல்லு."

நான் வாயெடுப்பதற்குள் சுவருக்கு மேலாகத் தங்கச்சியின் குரல் வந்தது.

"தட்டுறேங்க அத்த."