அடைக்கு வைத்த பதினொரு முட்டைகள்

கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் குளிரில் புது ரப்பர் வாசனையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்தே இருக்கும். ரப்பர் வாசனை பிரிட்ஜுக்குச் சொந்தம், கருவாட்டு வாசனை என்னுடைய கைங்கரியம். அப்புத்தளைக்குக் கீழே தேயிலை மலைக்கு நடுவில் இருந்த எங்கள் "லயத்தில்", ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நின்ற பன்னிரண்டு வீடுகளில், முதன்முதலாக பிரிட்ஜ் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். பட்டப்பகலிலும் சுவெட்டர் போட்டுக்கொண்டு திரிகிற ஊரில் இது எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. வாசலில் வைத்தாலே எல்லாம் ஜில்லென்றுதானே கிடக்கும், இதற்கென்று ஒரு பெட்டியா என்று அப்பாவே சொல்லிச் சிரித்தார்.

அம்மா அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தபோது பண்டாரவளைக்குப் போய் அதை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ரோட்டிலிருந்து எங்கள் வாசல்வரை இறங்கும் படிகளில் நான்கு ஆண்கள் சாமி தூக்குவதுபோல் அதைத் தூக்கி வந்து, அடுப்படியில் இடமில்லாததால் "காம்பரா" என்கிற முன் அறையில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அடுத்த மாதமே அம்மா திரும்பிப் போய்விட்டாள், பிரிட்ஜ் மட்டும் இருந்தது. எனக்குப் பத்து வயது. பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் நேராகப் போய் அதைத் திறந்து அதன் முன்னால் நிற்பேன். அம்மா இல்லாத வீட்டில் எனக்கு அது ஒரு ஆறுதலாக இருந்தது என்பதை அன்று யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

உள்ளே வைப்பதற்கு எங்களிடம் என்ன இருந்தது என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். அன்றன்றைக்குப் பொங்கி அன்றன்றைக்குத் தின்று தீர்க்கிற வீட்டில் மிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே? ஆனாலும் காலியாக வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. வெங்காயம், பருப்பு, தேங்காய்ப் பாதி, தேயிலைத்தூள் டின், கருவாட்டுப் பொட்டலம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுபோய் அடுக்கினேன். வாழைப்பழம் கறுத்துப்போனது, ரொட்டி காய்ந்து பலகையானது, எல்லாவற்றிலும் கருவாடு மணத்தது. அப்படியும் அதில் வைத்த பொருள் கெடாது என்ற என் நம்பிக்கை கெடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கடைக்காரர் வீட்டுப் போனில் பேசும்போது அம்மாவும் அதையேதான் சொல்வாள். அவள் வேலை செய்யும் வீட்டில் முட்டையைக்கூட வெளியே வைக்க மாட்டார்களாம், வாங்கி வந்ததும் கதவிலிருக்கும் குழிகளில் அடுக்கிவிட வேண்டுமாம். எங்கள் பிரிட்ஜ் கதவிலும் அப்படிப் பன்னிரண்டு குழிகள் இருந்தன. அவை எப்போது பார்த்தாலும் வெறுமையாகக் கிடந்தது எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

பக்கத்து வீடு சரசு பெரியம்மாவுடையது. அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மனைவி. அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரி, சோறு போட்டு, காய்ச்சலுக்குக் கசாயம் வைத்துக் கொடுத்தது பெரியம்மாவும் அவளுடைய மருமகள் மல்லிகா அண்ணியும்தான். அண்ணிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பெரியம்மா வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தண்ணீர்ப் பீலியில் குடம் வைத்துக்கொண்டு நிற்கும் மற்றப் பெண்கள் சொல்லாமல் இருக்கவில்லை.

அந்த வருடம் வந்த கோழிச் சீக்கில் பெரியம்மாவின் கோழிகள் எல்லாம் செத்து, ஒரு செவலைக் கோழியும் ஒரு சேவலும் மட்டும் மிஞ்சின. அந்தக் கோழி இட்ட முட்டைகளில் ஒன்றைக்கூடச் சமைக்காமல், அடை வைப்பதற்காக அரிசி வாளிக்குள் புதைத்துச் சேர்த்துக்கொண்டு வந்தாள். எட்டு முட்டை சேர்ந்திருந்த சமயத்தில், மொனராகலையில் அண்ணியின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. வீட்டோடு எல்லோரும் புறப்பட்டார்கள். சாவியை என் கையில் கொடுத்து, கோழிக்குத் தீனி போட வேண்டும், இடுகிற முட்டையை எடுத்து அரிசிக்குள் வைக்க வேண்டும், மற்றதைத் தொடவே கூடாது என்று பெரியம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

நான் தொட்டேன். அவர்கள் பஸ் ஏறிய அன்று பின்னேரமே எட்டு முட்டைகளையும் பாவாடையில் கட்டிக்கொண்டு வந்து பிரிட்ஜ் கதவில் அடுக்கினேன். அதற்குப் பிறகு கோழி இட்ட மூன்றையும் அங்கேயே வைத்தேன். பன்னிரண்டு குழிகளில் பதினொன்று நிறைந்திருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பெரியம்மாவுக்குப் பெரிய உபகாரம் செய்கிறேன் என்றுதான் மனதார நம்பினேன். ஆறாம் நாள் மாலை படிக்கட்டில் அவர்கள் குரல் கேட்டதும், சொன்ன சொல்லை மீறியது நினைவுக்கு வர, ஓடிப்போய் எல்லாவற்றையும் திரும்ப அரிசிக்குள் புதைத்துவிட்டேன்.

கோழி அதற்குள் அடைக்கு உட்கார ஆரம்பித்திருந்தது. பெரியம்மா பயணக் களைப்பையும் பார்க்காமல், அன்றைக்கே நல்ல நேரம் இருக்கிறதென்று, பழைய கொழுந்துக் கூடையில் மானாப் புல்லைப் பரப்பி, இடிச் சத்தத்துக்கு முட்டை கலங்காமல் இருக்க ஒரு கரித்துண்டையும் ஆணியையும் போட்டாள். பிறகு அண்ணியைக் கூப்பிட்டாள். "நீ வையி மல்லிகா. உன் கையால வெச்சா உனக்கும் சேத்துப் பொரிக்கும்" என்றாள். பிரியமாகத்தான் சொன்னாள். அண்ணி முகம் கழுவி, குங்குமம் வைத்துக்கொண்டு வந்து, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

இருபத்தொரு நாள் போனது. ஒன்றும் பொரிக்கவில்லை. இன்னும் நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெரியம்மா வாசலில் உட்கார்ந்து முட்டைகளை உடைத்தாள். எதிலும் குஞ்சின் சுவடே இல்லை. பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டு, இது குளிர் ஏறிப்போன முட்டை மாதிரி இருக்கிறதே என்றார். நான் செய்த வேலை என்னவென்று அந்தக் கணத்தில் எனக்கு முழுசாக விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

பெரியம்மா என்னைப் பார்த்து, "நீ எங்கயாச்சும் எடுத்து வெச்சியா புள்ள?" என்று கேட்டாள்.

"இல்ல பெரியம்மா. அரிசிக்குள்ளதான் இருந்துச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அடிக்குப் பயந்து என்றால் பாதிதான் உண்மை, பெரியம்மா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. உண்மையைச் சொன்னால் லயமே பிரிட்ஜைப் பார்த்துச் சிரிக்கும், அதை வாங்கிவைத்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும் என்று தோன்றியது. அம்மாவின் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி அப்போது கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். என்னையே பார்த்தாள்.

பழி என்றால் யாராவது சுமந்துதானே ஆக வேண்டும்? காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க "பெரட்டு"க்குப் போகிற வழியிலும் பீலியிலும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அவள் கை பட்டால் முட்டையே பொரிக்க மாட்டேன் என்கிறது, வயிறு எப்படித் திறக்கும் என்றார்கள். கேட்கக் கேட்கப் பெரியம்மாவும் மாறினாள். சண்டை போடவில்லை, சோறு போடாமல் இருக்கவில்லை. நல்ல காரியம் என்று வந்தால் மட்டும் மருமகளைப் பின்னால் நிற்கச் சொன்னாள். விதை போடுவது, விளக்கு ஏற்றுவது, பிறந்த பிள்ளைக்குச் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பது எதற்கும் அந்தக் கை ஆகாது என்று ஆனது.

இரண்டு வருடம் கழித்து நான் பெரியவளானேன். சடங்குக்கு அம்மா லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். என்னை மணையில் உட்காரவைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது, முறைப்படி அண்ணியும் ஊற்ற வேண்டும். அவள் செம்பைக் கையில் எடுத்தும்விட்டாள். பெரியம்மா மெதுவாக அதை வாங்கி, "நீ இரும்மா. புள்ளைக்கு நல்லா இருக்கணும்" என்றாள். என் நன்மைக்காகவாம்! அத்தனை பெண்களுக்கு நடுவில் அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, பேசத் தெரியாத பிள்ளை அல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தலையில் விழுந்த தண்ணீருக்குக் கண்ணை மூடிக்கொள்வதுபோல் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பொய்யைச் சின்னப் பிள்ளை சொன்னது என்று மன்னித்தாலும் இந்த மௌனத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதற்கடுத்த வருடம் அண்ணனும் அண்ணியும் பண்டாரவளையில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதைக் கேட்டபோது எனக்கு வந்தது சந்தோஷம்தான், ஆனால் அதற்குள்ளே இனிமேல் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதியும் இருந்தது. இப்படி ஒரு நிம்மதியை அடைந்தவள் நான்.

இப்போது பதுளையில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் பண்டாரவளைச் சந்தையில், போஞ்சியும் கரட்டும் குவித்து வைத்து அண்ணி வியாபாரம் செய்வதைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டாள். அந்தப் பிடிதான் என்னைப் பேசவைத்தது. பிரிட்ஜில் வைத்ததையும் பொய் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அண்ணி ஆச்சரியப்படவில்லை. "தெரியும் பாப்பா. அடுக்கறப்பவே கையில சில்லுன்னு இருந்துச்சு. வேர்த்திருந்தத முந்தானையில தொடச்சுத் தொடச்சுத்தான் வெச்சேன்" என்றாள்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா யாரு நம்புவா? சின்னப் புள்ள மேல பழி போடுறான்னு அதையும் சேத்துப் பேசியிருப்பாங்க. நீ சொல்லுவன்னு இருந்தேன்."

என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். ஒருவருக்குக் கரட் நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை. "எங்கிட்டச் சொல்லி என்னா ஆகப்போகுது? எங்க அத்தகிட்டச் சொல்லியிருக்கணும். சாகற வரைக்கும் அவங்க பேத்தி மஞ்சத் தண்ணிக்குக்கூட என் கைய விடல" என்றாள். பேத்தி என்று சொன்னது அவளுடைய சொந்த மகளை.

அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே தனித்தனி வீடுகள், வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் இருக்கிறது, முட்டை கடையிலிருந்து அட்டையோடு வருகிறது, அடை வைப்பார் யாருமில்லை. குளிரேறிய முட்டை பொரிக்காது என்று இன்று யாரிடம் சொன்னாலும் உடனே நம்புவார்கள். சரசு பெரியம்மா இறந்து ஏழு வருடமாகிறது.