ஒற்றைக் கண் அழுகை

இன்றைக்கும் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும் நேரத்துக்குச் சரியாக வலி வந்துவிட்டது. இரண்டு கிழமையாக அது ஒருநாளும் பிந்தியதில்லை.

காய்ச்சிய கம்பியை வலது கண்ணுக்குப் பின்னால் விட்டுத் திருகுவது போல என்று சொல்லிப் பார்க்கிறேன், போதவில்லை. அந்தக் கண் சிவந்து நீர் கொட்டுகிறது. இமை தொங்குகிறது. அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் ஒழுகுகிறது. படுத்தால் இன்னும் கொல்கிறது.

மனைவி என்னைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போனாள். அங்கும் உட்கார முடியாமல் வாசலில் நடந்துகொண்டே இருந்தேன்.

டிஸ்பென்சர் ஐயா கொஞ்ச நேரம் பார்த்தார். “தலவலிக்காரன் சுருண்டு படுப்பான். நீ என்னடா ரோந்து சுத்துற?”

“படுக்க முடியலைங்க ஐயா.”

“மாத்தளை ஆஸ்பத்திரியில காட்ட ஒரு துண்டு எழுதிக் குடுங்க ஐயா. செவத்துல தலைய முட்டிக்கிறாருங்க” என்றாள் மனைவி.

அவர் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். “ஒத்தக் கண்ணுல மட்டும் எப்படிடா தண்ணி வரும்? வெங்காயம் தேச்சியா?”

“நான் பக்கத்துலயேதாங்க இருந்தேன்” என்றாள் மனைவி.

“அப்ப நீதான் தேச்சு விட்டியா?”

இந்த விசாரணை முடிவதற்குள் வலி எப்படி வந்ததோ அப்படியே போய்விட்டது. நான் நிமிர்ந்து நின்றேன்.

“பாத்தியா, ரெண்டு ஏச்சு ஏசினதும் கொணமாயிருச்சு. மலைக்கு வேலைக்குப் போ.”

துண்டு கிடைக்கவில்லை. பிந்திப் போனதால் இன்றைய பேரையும் கங்காணி வெட்டிவிட்டார்; நாள் சம்பளம் போய்விட்டது.

நாளைக் காலையும் வலி வரும். டிஸ்பென்சர் ஐயா நம்ப வேண்டுமானால் இடது கண்ணும் அழ வேண்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெங்காயம் என்றாலும் பரவாயில்லை.