நாய்களுக்கு நாள் பார்ப்பவர்

காலை ஆறு மணிக்கு வேம்புலி பக்கத்து வீட்டுக் கமலத்தின் அரிசி டிரம் முன்னால் குந்தியிருக்கிறார். டிரம் மூடியின் மேல் ஒரு கண்ணாடி ஊறுகாய் பாட்டில். அதற்குள் முந்தின நாள் மாலை மொண்டுவந்த ஏரித் தண்ணீர். தொடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார். தண்ணீரிலுள்ள பச்சைப் பாசி அடியில் தங்கியிருந்தால் அன்றைக்கு நாய்கள் ஏரியில் நீந்தலாம். பெயின்ட் கொட்டினாற்போல் மேலே மிதந்தால் கூடாது. அந்தப் பாசி வயிற்றுக்குள் போனால் நாயின் உயிருக்கே ஆபத்து. பூந்தமல்லி கால்நடை டாக்டர் ராபியா சொல்லிக்கொடுத்த சோதனை இது.

"சட்டுனு பாருண்ணா. ஏரி பாஸானாத்தான் எங்க ஊட்ல சோறு," என்கிறார் கமலம், கையில் அரிசிப் படியோடு.

வேம்புலிக்கு ஐம்பத்தாறு வயது. பாரிவாக்கம் பக்கம் ஒரு சின்ன ஏரியின் கரையில் பஞ்சர் கடை. தொட்டியில் ட்யூபை அழுத்திக் குமிழி தேடியே முப்பது வருடம் ஓடிவிட்டது. "தண்ணிய மொறச்சிப் பாக்கறதுதான் நைனா எனுக்கு வேலயே."

ஏரியைச் சுற்றி மனைகள் வீடுகளாயின. வீடுகளுக்கு நாய்கள் வந்தன. கரையோர விளக்குக் கம்பங்களில் அவர் பழைய சைக்கிள் ட்யூபைக் கட்டி, அதில் பேப்பர்த் துண்டுகளைச் செருகி வைத்திருக்கிறார், நாயின் கழிவை அள்ள. அள்ளாமல் நழுவுகிறவரைத் தூரத்திலிருந்தே பிடித்துவிடுவார். "இன்னா சார், உங்காளு ஏரிக்கு சீர் வெச்சிட்டுப் போறாரு, நீ செல்லு பாத்துகினு கீறே! மழ பேஞ்சா அத்தினியும் தண்ணிலதான். எடு சார்." சார் எடுக்கிறார்.

நாய்களுக்கு ஷாம்பு, உண்ணி மருந்துக் குளியல் எல்லாம் கடைக்குப் பின்னாலுள்ள அடிபம்பில்தான். அந்தத் தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போகிறது. ஏரியில் ஒரு சொட்டு விழக்கூடாது. "மீனுக்கு இன்னாத்துக்கு ஷாம்பு? அதுக்கு முடியே இல்ல."

முன்பெல்லாம் பாட்டிலைக் கடையில், ஏர் கம்ப்ரசருக்கு மேலேயிருக்கும் பலகையில்தான் வைப்பார். இரண்டு மாதம் முன்பு ஒரு நாள் விடியும்போதே லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. கம்ப்ரசர் அரை மணி நேரம் ஓடியது. பலகை அதிர்ந்து, மேலே மிதந்த பச்சை தண்ணீரோடு கலந்துவிட்டது. வேம்புலி எட்டிப் பார்த்தார். மேலே ஒன்றுமில்லை. "எறக்கு," என்றார். குடோனில் வேலை செய்யும் விஜி தன் லாப்ரடார் லட்டுவை இறக்கினாள். மதியத்துக்குள் லட்டு வாந்தி எடுத்து, கால் தள்ளாடி விழுந்தது. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இரண்டு நாளும் கடையைப் பூட்டிவிட்டு டாக்டர் ராபியாவின் கிளினிக் வாசலிலேயே கிடந்தார் வேம்புலி. லட்டு பிழைத்துக்கொண்டது. "உன் பாட்டிலும் வேணாம், ஏரியும் வேணாம்ணா," என்று சொல்லிவிட்டுப் போனாள் விஜி. அன்றைக்குத்தான் பாட்டில், எதுவும் ஆடாத அரிசி டிரம்முக்குக் குடிபெயர்ந்தது.

போன வாரம் நல்ல மழை. ஏரி தெளிந்து ஆறு நாளாகப் பச்சை அடியிலேயே தங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை கரை முழுக்க நாய்கள், குரைப்பு, சிரிப்பு. ரோட்டோடு போய்க்கொண்டிருந்த விஜியைத் தண்ணீர்ப் பக்கம் இழுத்து வந்துவிட்டது லட்டு. முன்னங்கால் சேற்றில், வால் காற்றாடி மாதிரி சுற்றுகிறது. சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் விஜி.

"கம்ப்ரசர் ஓடுச்சாண்ணா?"

"ஓடுச்சும்மா. அது கடைல. பாட்டிலு கமலம் ஊட்ல."

"டாக்டரம்மா?"

"நேத்து அவங்களே வந்து பாத்தாங்கோ. எறக்கலாம்னுட்டாங்கோ."

விஜி அசையவில்லை. வேம்புலி வற்புறுத்தவும் இல்லை. சட்டைப்பையிலிருந்த செல்லை எடுத்துக் கரையில் வைத்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீர் வரை போய்த் திரும்பி நின்று, இரண்டு கையையும் விரித்தார்.

விஜி குனிந்து சங்கிலியைக் கழற்றினாள். முப்பது கிலோ லட்டு ஒரே பாய்ச்சலில் அவர் மார்பில் மோத, இருவரும் சேர்ந்து முழுகினார்கள். கரையே கைதட்டியது. எழுந்தவரின் தலையிலிருந்தும் மீசையிலிருந்தும் தண்ணீர் வழிகிறது. கரையேறி, அங்கே கிடந்த துண்டை உதறி, முதலில் லட்டுவின் வாயைத் துடைத்தார்.