குளிருக்குக் கனமான எண்ணெய்

கோடைக்கானல் டீக்கடை வாசலில் புல்லெல்லாம் உறைபனி. மோட்டார் சைக்கிளின் கிக்கரை மிதிக்கிறேன். பாதி இறங்கி நின்றுவிடுகிறது. பதினோரு மணிக்கு வத்தலக்குண்டில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான் ஒருவன்தான். “பஸ்ஸில் வந்துவிடுங்கள்” என்ற தங்கை கணவரிடம், முன்யோசனை உள்ளவனுக்கு பஸ் எதற்கு என்று கேட்டிருந்தேன். முதல் பஸ் போய்விட்டது.

என் முன்யோசனை எஞ்சினுக்குள் இருக்கிறது. குளிருக்குக் கனமான கம்பளிதானே என்று, கடையில் இருந்ததிலேயே கனமான எண்ணெயை ஊற்றி வந்தேன். அது இப்போது களியாக இறுகியிருக்கிறது.

டீக்கடைக்காரர் தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்குகிறார். “வண்டியையும் இப்படி வைக்கலாம்னா உள்ள பெட்ரோல் கெடக்கு. வெரசா கீழ போற அந்தப் பூண்டு லாரியில ஏத்துங்க சார்.”

முன்னால் இடமில்லை. பின்னால் மூட்டைகளுக்கு நடுவே வண்டியைப் பிடித்தபடி நானும் மலையிறங்குகிறேன். அடிவாரத்தில் வெயில் சுடுகிறது. வண்டியை இறக்கியதும் முதல் உதையிலேயே எஞ்சின் கிளம்பிவிடுகிறது.

ஏற்றும்போதே என் கதையைக் கேட்டிருந்த டிரைவர் சிரிக்கிறார். “மலையில இருந்து ஓட்டிட்டே வந்தேன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிக்கங்க சார். மொதல்ல சட்டைய மாத்துங்க, பூண்டு நாத்தம் காட்டிக் கொடுத்துரும்.”

மாற்றுச் சட்டை இல்லை. மடியில் உட்காரும் குழந்தை, ஊசியைப் பார்ப்பதற்கு முன்பே அழப்போகிறது.